பஸ்ஸோடு போன போன்

தருமபுரியில் 21 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நின்றபடியே பதில் சொல்லிப் பழகியவனை உட்கார்ந்து எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: போகிற வழியில் தொலைத்தது. அதனால் சார்ஜ் நிற்காத பேட்டரி, தண்ணீரில் விழுந்த போன் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு சேலம் பஸ்ஸில் வந்தேன். தருமபுரியில் இறங்கி பென்னாகரம் பஸ் ஏறினேன். இண்டூர் வரும்போதுதான் கைப்பையில் போன் இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் விட்டு விட்டு அடித்தேன், அப்புறம் சுவிட்ச் ஆஃப். ஓசூரிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வந்து கிருஷ்ணகிரியில் இறங்கிய பெண் மேல்தான் எனக்குச் சந்தேகம். காவல் நிலையத்தில் கேட்டால் ‘எங்கே தொலைத்தீர்களோ அங்கே போய்க் கொடுங்கள்’ என்கிறார்கள். 12 நாள் ஆகிறது. இன்னும் 5 தவணை பாக்கி. போன மாசியில் தவறிப்போன என் வீட்டுக்காரர் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. கிடைக்குமா?
— ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, போன் கிடைக்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் போட்டோ. அது கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் ஜிமெயில் கணக்கை மகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ திறந்து, கூகுள் போட்டோஸில் பாருங்கள். ‘நான் அப்படி எதுவும் போட்டு வைக்கவில்லையே’ என்பீர்கள். புதுப் போனைக் கையில் கொடுக்கும்போது கடைப் பையன் ‘ஓகே, ஓகே’ என்று வரிசையாக அழுத்திக்கொண்டே போவான் பாருங்கள், அந்த ஓகேக்களில் ஒன்று பேக்கப்பாக இருந்திருக்கலாம். என் கடையில் அழுதுகொண்டு வந்த எத்தனையோ பேருக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. கேமராவில் எடுத்தது அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் பெரும்பாலும் இருக்காது. அவற்றை அனுப்பியவர்களிடமே திருப்பிக் கேளுங்கள், அழிக்காமல் வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வந்தாக வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். 12 நாளாக வாங்காமல் இருந்தால் அதுதான் பெரிய தப்பு.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவர் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திருடியவன் செய்கிற முதல் வேலை போனை அணைப்பது, இல்லையென்றால் சிம்மைப் பிடுங்குவது. அவர் கிருஷ்ணகிரியில் இறங்கி, நீங்கள் காவேரிப்பட்டணம், காரிமங்கலம் எல்லாம் தாண்டி தருமபுரி வந்து, வேறு பஸ் மாறி இண்டூர் வரைக்கும் போயிருக்கிறீர்கள். அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் மணி அடித்திருக்கிறது. எந்தத் திருடன் அவ்வளவு நேரம் மணியடிக்க விடுவான்? போன் உங்கள் சீட்டிலேயோ சீட்டுக்கு அடியிலேயோ கிடந்து, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் போய்ச் சேர்ந்த பிறகும் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதன்பின் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். அங்கே ஏறிய யாராவது எடுத்துமிருக்கலாம்.

தொலைந்தது வேறு, திருடு போனது வேறு. தேடும் இடம், புகாரில் எழுதும் வார்த்தை, யாரைப் பார்த்துப் பேசுவது, எல்லாமே அதைப் பொறுத்து மாறும். ‘விட்டேனா, எடுத்தார்களா’ என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் நாம் நேராகப் பக்கத்து சீட்டுக்காரர் மேல் பாய்கிறோம். நானும் பாய்ந்தவன்தான்.

2016 என்று நினைவு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் டிஸ்பிளே, பேட்டரி எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். ஒரு வாடிக்கையாளர் போனை போர்டு வேலைக்காக அங்கே எடுத்துப் போயிருந்தேன். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள், அப்படியே திரும்ப எடுத்து வருகிறேன். சட்டைப் பையில் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. சூளகிரி தாண்டியதும் ஒரு தூக்கம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் முழித்துப் பார்த்தால் சட்டைப் பை காலி. பக்கத்தில் 18, 19 வயதில் ஒரு பையன், இறங்குவதற்கு எழுந்து நிற்கிறான். ‘தம்பி, பையைத் திற’ என்றேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. பையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து சீட்டில் வைத்தான்: மடித்த இரண்டு சட்டை, ஒரு டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஹால் டிக்கெட், பாதி தின்று மடித்து வைத்த கடலை மிட்டாய். அவ்வளவுதான். அதே வரிசையில் திரும்ப அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடி இறங்கிப் போய்விட்டான். அடித்துப் பார்க்கலாம் என்றால் அது செத்த போன், எங்கே மணி அடிக்கும்? மறுநாள் காலையில் பணிமனையில் பஸ்ஸைக் கூட்டும்போது சீட்டுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். டிக்கெட் என்னிடம் இருந்ததால் நேரத்தைச் சொல்லி வாங்கி வந்தேன். அந்தப் பையனை எங்கே போய்த் தேடுவது?

அதனால் புகாரில் அந்தப் பெண்ணை இழுக்காதீர்கள். ‘பயணத்தின்போது தவறவிட்டேன்’ என்று எழுதுங்கள்.

இண்டூரில் தெரிந்த அந்த நிமிஷமே திரும்பி தருமபுரி பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸுக்குப் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். இன்ன நேரத்துக்கு வந்த சேலம் வண்டி என்றால் எந்த பஸ், எந்தப் பணிமனை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டக்டருக்குப் போன் போகும். இதற்கு டிக்கெட் வேண்டும். தேதியும் நேரமும் அதில் அச்சாகி இருக்கும். இறங்கியதும் கசக்கி எறிவதுதான் நமக்குப் பழக்கம். கைப்பையின் அடியில் ஒருமுறை துழாவிப் பாருங்கள், பழைய டிக்கெட் இல்லாத கைப்பையை நான் பார்த்ததில்லை. 12 நாள் ஆனாலும் பரவாயில்லை, கிடைத்தால் அந்தப் பணிமனைக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். கண்டெடுத்த பொருளை எழுதி வாங்கி வைத்திருப்பார்கள்.

அங்கே இல்லை என்றால் அடுத்து ஐ.எம்.இ.ஐ. நம்பர். 15 இலக்கம், போனுக்கு அதுதான் என்ஜின் நம்பர் மாதிரி. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு நம்பர் இருக்கும், இரண்டையும் கொடுக்க வேண்டும். போன் வந்த அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் அந்தப் பெட்டி நல்ல கெட்டியாக இருக்கிறதென்று ஊசி, நூல், சட்டைப் பட்டன் போட்டு வைத்திருப்பார்கள். தையல் மெஷின் பக்கம் தேடுங்கள். பெட்டி போனால் பில்லில் இருக்கும். பில்லும் போயிருந்தால் உங்களுக்கு ஒரு வசதி, தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். கடன் கொடுத்த கம்பெனி இந்த நம்பரைப் பதியாமல் பணம் கொடுத்திருக்காது. அவர்கள் காகிதத்திலேயே இருக்கும். போன் கையில் இல்லை என்று தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கடன் உங்கள் பேரில் நிற்கிறது.

காவல் நிலையம். திருட்டு என்றால், எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நீங்கள் தவறவிட்டவர். உங்களுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். அல்ல, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. பெங்களூரில் ஏறி தருமபுரியில் இறங்கியவரிடம் ‘எங்கே தொலைத்தீர்கள்’ என்று கேட்டால் என்ன சொல்வது? பஸ்ஸை விட்டு இறங்கிய இடம் என்று தருமபுரி டவுனைச் சொல்லுங்கள். அங்கேயும் இழுத்தடித்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

ரசீது, பில், அடையாள அட்டை, டூப்ளிகேட் சிம் நான்கும் இருந்தால் சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசின் இணையதளத்தில் போனைத் தடை செய்யலாம். இதற்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டின் பெயர் சி.இ.ஐ.ஆர்., 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். டூப்ளிகேட் சிம் போட்டதும் பேச முடியும், ஆனால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. சிம்மை மாற்றி வாங்கி பேங்கில் பணம் அடிக்கிறவர்களைத் தடுக்க வைத்த விதி அது. இது தெரியாமல் அன்றைக்கே உட்கார்ந்து ‘ஓ.டி.பி. வரவில்லை, அரசாங்க சைட் வேலை செய்யவில்லை’ என்று திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் பொறுங்கள்.

தடை விழுந்த போனில் நம் நாட்டில் எந்த கம்பெனி சிம் போட்டாலும் சிக்னல் வராது. வைஃபையில் வேண்டுமானால் படம் பார்க்கலாம். தடை செய்தால் கண்டுபிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாராவது அதில் சிம் போட்டு முயற்சி செய்தால் அந்த விவரம் போலீசுக்குப் போகும். கடைசியில் ஒரு கோரிக்கை எண் வரும், அதை சமையலறைக் காலண்டரிலாவது எழுதி வையுங்கள். போன் கிடைத்தபின் தடையை எடுக்க அது வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. கிடைக்கலாம். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு 7 மாதம் கழித்து எஸ்.பி. அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர் அதற்குள் வேறு போன் வாங்கி, அதையும் கீழே போட்டு உடைத்து என்னிடம் கொடுத்திருந்தார். நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், கொடுக்காமலும் இருக்காதீர்கள். நடுவில் பேங்குக்கு ஒரு போன் போட்டு யு.பி.ஐ.யை நிறுத்துங்கள். புது சிம்மை வேறு போனில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் பழைய போனில் அது தானாக மூடிக்கொள்ளும். கணக்கிலிருந்து பணம் ஏதும் போயிருந்தால் மட்டும் தாமதிக்காமல் 1930.

கேள்வி: கோவையில் படிக்கிறேன். லீவுக்கு ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கும்போது மேல் பெர்த்தில் வைத்த லேப்டாப் பையை மறந்துவிட்டேன். வண்டி சென்னைக்குப் போய்விட்டது. அரூர் போலீசில் கேட்டேன், ரயில்வே போலீஸ் என்றார்கள். சஞ்சார் சாத்தியில் பதிந்தால் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?
— ஒரு மாணவர், அரூர்

பதில்: தெரியாது தம்பி. லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ. கிடையாது. சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கும் அப்படித்தான். உங்களுக்கு இருப்பது சீரியல் நம்பர். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இப்போது திருப்பிப் போட லேப்டாப் இல்லாததால் பில்லையோ பெட்டியையோ பாருங்கள்.

ரயிலில் விட்டது பஸ்ஸில் விட்டதைவிட ஒரு விதத்தில் நல்லது, பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் உங்கள் டிக்கெட்டிலேயே இருக்கிறது. வண்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்போதே 139-க்கு அடித்து வண்டி எண், பெட்டி, பெர்த் சொன்னால், அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் ஏறிப் பையை இறக்கி வைப்பார். மொரப்பூரில் விட்டால் திருப்பத்தூரோ ஜோலார்பேட்டையோ, வண்டி நிற்கிற இடம். பயணிகள் விட்டுவிட்டுப் போன பொருளை மீட்டுத் தருவதற்கு ‘ஆபரேஷன் அமானத்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நீங்கள் 139-ஐப் பற்றி எழுதவே இல்லை, அடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்காவது அடியுங்கள். யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த வண்டி கடைசியாக நின்ற சென்னை ஸ்டேஷனிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.

ரயில்வேயில் இரண்டு காக்கி. பாதுகாப்புப் படை மத்திய அரசு, ரயில்வேயுடையது. இருப்புப்பாதை காவல்துறை தமிழ்நாடு போலீஸ். பை விட்டுப்போனால் முதலாவது, திருடு போனால் வழக்குப் பதிய இரண்டாவது. இன்னொரு குழப்பம் நம் மாவட்டத்துக்கே உரியது. மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரி, பாலக்கோடு ஸ்டேஷன்கள் தென்மேற்கு ரயில்வே, பெங்களூரு கோட்டம். ஒரே மாவட்டத்தில் எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பை விசாரணை சேலத்துக்குப் போகும், இல்லை பெங்களூருக்குப் போகும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் டவுனில் ரயிலே இல்லை.

விண்டோஸ் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்து, ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ திறந்திருந்தால், அது எங்காவது நெட்டில் சேரும்போது இடம் காட்டும். இப்போது அதை இங்கிருந்து திறக்க முடியாது. மெயில், பேங்க், கல்லூரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இன்றைக்கே பாஸ்வேர்டு மாற்றுங்கள். பிராஜெக்ட் ஃபைல் பற்றிக் கடிதத்தில் அரைப் பக்கம் புலம்பியிருக்கிறீர்கள், அதைப் போடவில்லை. கைடுக்கு மெயிலில் அனுப்பிய பழைய பிரதி இருக்கும், ‘அனுப்பியவை’யில் பாருங்கள்.

கேள்வி: தம்பியின் போன் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் போனது. கூகுளில் பார்த்தால் ஓசூரில் ஒரு தெருவைக் காட்டுகிறது. நான்கு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறான் தம்பி. போகலாமா?
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: வேண்டாம். வரைபடத்தில் ஒரு புள்ளி தெரியும், அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு வட்டமும் தெரியும். உங்கள் தம்பி புள்ளியைப் பார்க்கிறார். நான் வட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். போன் அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஓசூரில் கம்பெனித் தொழிலாளர்கள் இருக்கிற லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே காம்பவுண்டில் பத்து, பன்னிரண்டு கதவு, சில இடத்தில் மாடியிலும் அதே மாதிரி. அந்த வட்டத்துக்குள் இருபது குடும்பம் இருக்கும். நான்கு பேர் போய் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? தட்டிய கதவு தப்பாக இருந்தால் புகார் உங்கள் மேல் வரும். சரியான கதவாக இருந்தால் இன்னும் மோசம்.

தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள். அதே ஆப்பில், 2025-லிருந்து அதற்கு ‘ஃபைண்ட் ஹப்’ என்று பெயர், போனைப் பூட்டி, திரையில் உங்கள் நம்பரைப் போட்டு வையுங்கள். எடுத்தவருக்கு மனசு மாறினால் கூப்பிட ஒரு வழி வேண்டுமல்லவா. ‘எல்லாவற்றையும் அழி’ என்ற பொத்தானை மட்டும் இப்போது தொடாதீர்கள். அழித்த பின் அது இடம் காட்டாது. உள்ளே பேங்க் விவரம், குடும்பப் படம் இருக்கிறது, போன் போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்த பிறகுதான் அது.

வீட்டுக்குள்ளேயே போனைக் காணோம் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அதே ஆப்பில் மணி அடிக்க வைக்கலாம், சைலண்டில் இருந்தாலும் 5 நிமிஷம் அடிக்கும். என் வீட்டில் அரிசிப் பானைக்குள்ளிருந்து அடித்திருக்கிறது.

கேள்வி: காணாமல் போன என் ஐபோன் கிடைத்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. கீழே ஒரு லிங்க். அழுத்தலாமா?
— ஓசூர் வாசகர்

பதில்: அழுத்தாதீர்கள். போன் அந்த எஸ்.எம்.எஸ். அனுப்பியவனிடம் இருக்கிறது, பூட்டைத் திறக்க உங்கள் ஆப்பிள் பாஸ்வேர்டு வேண்டும், அதற்கான தூண்டில் இது. உங்கள் கணக்கிலிருந்து அந்த போனை நீக்கச் சொல்லியும் கேட்பான், நீக்கிவிடாதீர்கள். நீக்காத வரைக்கும் அது அவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ்தான்.

கேள்வி: சந்தையில் ஒருவர் நல்ல நிலையில் இருக்கும் போனை 3,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பில் இல்லை, ‘அவசரத்துக்கு விற்கிறேன்’ என்கிறார். வாங்கலாமா?
— காரிமங்கலம் வாசகர்

பதில்: பென்னாகரத்து அம்மாவின் போன் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். வாங்குவதற்கு முன் அந்த போனில் *#06# அடியுங்கள், 15 இலக்க நம்பர் திரையில் வரும். உங்கள் போனிலிருந்து கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த நம்பர் என்று எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், தடை விழுந்ததா என்று பதில் வரும். நீங்கள் அடிக்க ஆரம்பித்ததுமே அவர் ‘விடுங்க அண்ணா, வேற ஆள் கேட்டிருக்காங்க’ என்று போனைத் திரும்ப வாங்கினால் எஸ்.எம்.எஸ். செலவும் மிச்சம். பதில் சுத்தமாக வந்தாலும், விற்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் இல்லாமல் வாங்காதீர்கள். நானே அப்படி வாங்குவதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கினால் எடுத்தவனோடு நீங்களும் நிற்க வேண்டும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஷேர் ஆட்டோவில் ஒரு போன் கிடந்தது. டிரைவர் ‘எனக்கு வேண்டாம், வம்பு’ என்று என்னிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிட்டது. 3 நாளாக வீட்டில் இருக்கிறது. போலீசுக்குப் போனால் என்னையே சந்தேகப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. தொலைத்தவர்கள் பத்துப் பேர் எழுதினால் கிடைத்தவர் ஒருவர்தான் எழுதுகிறார்.

தூக்கிப் போட வேண்டாம், வீட்டிலும் வைத்திருக்க வேண்டாம். கிடைத்த பொருளை நாமே வைத்துக்கொள்ள நினைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 314-வது பிரிவில் வருகிறது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. ஆனால் நாள் கூடக் கூட அதை விளக்கிச் சொல்வது கஷ்டமாகும். ஆட்டோ ஏறிய இடம், இறங்கிய இடம், நாள், நேரம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போய்க் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஊரில் கவுன்சிலரோ, தெரிந்த டீச்சரோ கூட வரட்டும். அந்தத் தாளின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. சிம்மைக் கழற்றாதீர்கள், பூட்டைத் திறக்க என் மாதிரிக் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். சார்ஜ் போடுங்கள், அவ்வளவுதான். அணைந்தது என்கிறீர்களே, பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். எடுத்தவர்கள் அணைத்துவிட்டார்கள் என்று அங்கே ஒருவர் நினைத்து அழுதுகொண்டிருப்பார். உயிர் வந்ததும் பூட்டுத் திரையில் ‘எமர்ஜென்சி’ என்று இருக்கும், அதை அழுத்தினால் சிலர் வீட்டு நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது அடிப்பார்கள். எடுத்ததும் பெயரைக் கேளுங்கள், பின்பக்கக் கவர் என்ன நிறம், திரையில் என்ன படம் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் காவல் நிலையத்துக்கே வரச் சொல்லி அங்கே வைத்துக் கொடுங்கள்.

சார்ஜர் பின் பொருந்தவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். இப்போதைய போன்களுக்குப் பெரும்பாலும் டைப்-சி. கொஞ்சம் பழைய போன் என்றால் ஒரு பக்கம் குறுகலான மைக்ரோ பின்.